கடல் கதை படிக்க இரண்டு கேள்விகள்

கடல் பயணக் கதைகளை ஆசையாக வாங்கி, முப்பது பக்கத்தோடு மூடி வைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். எப்போது பார்த்தாலும் யாரோ கயிற்றை இழுக்கிறார்கள், யாரோ பாயைத் தளர்த்துகிறார்கள், கேப்டன் கத்துகிறார். எதற்காக இத்தனை அமளி என்பது மட்டும் விளங்குவதில்லை. நியாயமான புகார்தான். மொழிபெயர்ப்பு நூல் என்றால் நிலைமை இன்னும் மோசம். மொழிபெயர்த்தவருக்கே அந்த இடம் பிடிபடாமல் அகராதியைப் புரட்டி ஒப்பேற்றியிருப்பார். நாம் அதைப் படித்துவிட்டு நம் அறிவைச் சந்தேகப்படுவோம்.

கயிறுகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. எந்தக் கடல் கதையின் எந்தப் பக்கத்திலும் இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும். காற்று எங்கிருந்து வருகிறது? கரை எந்தப் பக்கம் இருக்கிறது? விவரம் தெரிந்த எழுத்தாளர் இந்த இரண்டையும் சொல்லாமல் கப்பலை நகர்த்த மாட்டார். அத்தியாயத்தின் தொடக்கத்தில் ‘பிற்பகலில் காற்று வடமேற்குக்கு மாறியது’ என்று ஒரு வரி வரும். வெறும் வர்ணனை என்று நாம் தாண்டிப் போய்விடுவோம். அடுத்த பத்துப் பக்கத்தில் யார் பிழைப்பார், யார் மூழ்குவார் என்பதை அந்த ஒரு வரியே முடிவு செய்திருக்கும்.

இராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு இதில் பாதிப் பாடம் கேட்காமலே தெரியும். மற்றவர்களும் ஒருமுறை இங்கே வந்து பார்த்தால் பிடித்துக்கொள்ளலாம்.

ஒரு பாலம், இரண்டு கடல்

டிசம்பரில் பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாருங்கள். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்குப் பக்கத்துத் தண்ணீர் கலங்கிப் போய், அலைக்கு அலை வெள்ளைத் தலை காட்டும். நங்கூரம் போட்ட படகுகள் அணியம் என்ற முன்பகுதியைத் தூக்கித் தூக்கி அடிக்கும். அதே நேரத்தில் தெற்கே கடல் அடங்கிக் கிடக்கும், சில நாட்களில் குளம்போலவே தெரியும். ஆடி மாதத்தில் அதே இடத்துக்கு வந்தால் கணக்கு அப்படியே மாறியிருக்கும். தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் தணிந்திருக்கும்.

காரணம் எளியது. காற்று நீண்ட தூரம் தண்ணீரின் மேல் தடையில்லாமல் ஓடினால்தான் பெரிய அலை எழும். வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்று பாக் நீரிணை முழுவதையும் கடந்து வந்து இந்தக் கரையில் மோதுகிறது. மண்டபத்து நிலமும் இராமேஸ்வரம் தீவும் குறுக்கே கிடப்பதால் தெற்கே உள்ள கடலுக்கு அந்த அலை போய்ச் சேர்வதில்லை. தென்மேற்குப் பருவத்தில் கச்சான் என்ற மேற்குக் காற்றும் சோளகம் என்ற தென்காற்றும் வீசும்போது மன்னார் வளைகுடாவுக்கு அடி விழுகிறது, வடக்குக் கடல் நிலத்தின் மறைவில் ஒதுங்கிக்கொள்கிறது. எந்தப் பருவத்தில் எந்தக் கரையில் தொழில் செய்வது என்று பார்த்துப் படகுகளை மாற்றிக் கட்டும் வழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. சுற்றுலா வழிகாட்டிகள் கொந்தளிப்பது ஆண்கடல், அடங்கிக் கிடப்பது பெண்கடல் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார்கள். எது எப்போது ஆண், எப்போது பெண் என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இதே கணக்கை இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் விரித்துப் பாருங்கள். ஆண்டில் சில மாதம் ஒரு திசையிலும் சில மாதம் எதிர்த்திசையிலும் காற்று வீசும் கடல் இது. போகும்போது ஒரு பருவம், திரும்பும்போது மறு பருவம். கிரேக்க, ரோமானிய வணிகர்களும் அரபு மாலுமிகளும் கீழக்கரை மரக்காயர்களும் இதை நம்பியே கலம் விட்டார்கள். வைகை கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், அழகன்குளத்தில் நடந்த அகழாய்வில் ரோமானிய நாணயங்களோடு ஒரு பானை ஓடும் கிடைத்தது. அதில் கப்பலின் உருவம் கீறப்பட்டிருக்கிறது. யாரோ கரையில் உட்கார்ந்து, வந்து நின்ற கலத்தைப் பார்த்துக் கீறியிருக்க வேண்டும். புறநானூற்றின் 66-ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனின் முன்னோனைப் புகழ வந்தவர், கடலில் நாவாய் ஓட்டியவன் என்பதோடு நிறுத்தவில்லை. ‘வளிதொழில் ஆண்ட உரவோன்’ என்கிறார். காற்றை வேலை வாங்கத் தெரிந்தவன் என்பதுதான் அவர் கொடுத்த பெரிய பட்டம்.

காற்றை வேலை வாங்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வாஸ்கோ ட காமாவின் முதல் பயணமே சாட்சி. 1498 ஏப்ரல் 24 அன்று கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியிலிருந்து, வழி தெரிந்த ஒரு மாலுமியைத் துணைக்கு வைத்துக்கொண்டு கிளம்பினார். மே 20 அன்று கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. தென்மேற்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டது. திரும்பும்போது பருவம் மாறும்வரை காத்திருக்கவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் கிளம்பினார்கள். அதே கடலைக் கடக்க ஏறத்தாழ 3 மாதம் பிடித்தது. காற்று ஓய்ந்து நிற்கும், அல்லது எதிரே அடிக்கும். பழமும் காய்கறியும் இல்லாமல் ஈறு வீங்கி ஏறக்குறைய 30 பேர் செத்தார்கள். பள்ளிப் புத்தகத்தில் இது ‘கடல்வழி கண்டுபிடிப்பு’ என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. முதல் கேள்வியைக் கேட்டுப் பார்த்தால்தான் போனதும் வந்ததும் ஒரே பயணமல்ல என்று தெரிகிறது.

எதிர்க்காற்றில் கப்பல் எப்படிப் போகிறது

பாய் என்றதும் காற்று பின்னாலிருந்து தள்ளும் காட்சிதான் எல்லோருக்கும் மனதில் வரும். அது மிக எளிய வேலை. பக்கவாட்டுக் காற்றிலும் பாய்க்கப்பல் ஓடும், பல நேரம் இன்னும் வேகமாகவே ஓடும். எதிர்க்காற்றிலும் சாய்வாக முன்னேறும். இங்கேதான் புதிய வாசகர் தடுமாறுகிறார்.

நடப்பது இதுதான். காற்று பாயைப் பக்கவாட்டில் அழுத்துகிறது. தண்ணீருக்குள் இருக்கும் ஏரா என்ற அடிமரமும் கப்பலின் உடலும் பக்கவாட்டில் நகரவிடாமல் தடுக்கின்றன. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கிடையில் வைத்து அழுத்தினால் அது முன்னால் வழுக்கிக்கொண்டு பாயும் அல்லவா, அதுபோல இரண்டு அழுத்தத்துக்கும் நடுவில் அகப்பட்ட கப்பல் முன்னோக்கி நழுவுகிறது. ஆனால் காற்று வரும் திசைக்கு நேராக முகத்தைத் திருப்பிவிட்டால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். பிடிப்பு போய்விடும். கப்பல் நின்றுவிடும்.

அதனால் எதிர்க்காற்றில் போக வேண்டிய கப்பல் கொஞ்ச தூரம் வலப்பக்கச் சாய்வில் ஓடும், பிறகு திரும்பி இடப்பக்கச் சாய்வில் ஓடும். முக்கோணப் பாய் கட்டிய படகு காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகை வரை நெருங்கி ஓட முடியும். அப்படிப் போனால் நேராக 10 கடல் மைல் தூரமுள்ள இடத்தைச் சேர 14 மைல் ஓட வேண்டும். பழைய ஐரோப்பியக் கப்பல்களில் குறுக்காகத் தொங்கும் சதுரப் பாய்கள். அவற்றால் 67 பாகைக்குமேல் நெருங்க முடியாது. அவற்றுக்கு அதே 10 மைல், 26 மைலாகிவிடும். இது பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படும் தூரத்தைச் சேர்க்காத கணக்கு. நீவாடு என்ற கடல் நீரோட்டமும் எதிராக இருந்தால் நாள் முழுவதும் ஓடிவிட்டு மாலையில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்க வேண்டியதுதான். ஒவ்வொரு திருப்பத்திலும் எல்லோரும் ஓடி வந்து கயிறு மாற்ற வேண்டும். கதையில் வரும் அந்த அமளிக்கெல்லாம் பெரும்பாலும் இதுதான் காரணம். பாயை மேலே ஏற்றும் ஆஞ்சானும் பாயின் மூலையைப் பிடித்திருக்கும் தாமானும் தெரிந்தால் தாராளம். மீதிக் கயிறுகளைத் தாண்டிப் போனாலும் கதைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’க்குப் போகலாம். 1883-இல் வெளிவந்த நூல், சிறுவர் கதை என்று ஓரமாக வைக்கப்பட்டது. அதில் ஜிம் என்ற பையன் ஒரு சின்னத் தோல் படகில் தனியாகக் கடலில் மிதந்துகொண்டிருக்கிறான். தூரத்தில் கலகக்காரர்கள் பிடித்துவைத்திருக்கும் கப்பல் தெரிகிறது. அது கொஞ்ச தூரம் ஓடுகிறது, பிறகு மெல்லத் திரும்பிக் காற்றுக்கு நேராக முகம் காட்டி நிற்கிறது, பாய்கள் நடுங்குகின்றன. மறுபடி ஒரு பக்கம் விழுந்து ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. மேலோட்டமாகப் படிப்பவருக்கு இது வெறும் கப்பல் வர்ணனை. பாய் ஏன் படபடக்கும் என்று தெரிந்தவர், ஜிம் சொல்வதற்கு முன்பே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்: சுக்கானில் யாருமே இல்லை! குடித்துவிட்டுக் கிடக்கிறார்கள், அல்லது ஓடிப்போய்விட்டார்கள். ஒரு சிறுவன் தனியாகக் கப்பலைக் கைப்பற்றலாம் என்ற துணிச்சல் அந்த நடுங்கும் பாயிலிருந்துதான் பிறக்கிறது. ஆள் அரவம் காட்டாமல் காற்றை மட்டும் வைத்து இப்படியொரு திருப்பத்தைக் கொண்டுவந்தவரைச் சிறுவர் எழுத்தாளர் என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை.

கப்பல் சாய்வதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பக்கவாட்டுக் காற்று பாயை மட்டும் தள்ளுவதில்லை, கப்பலையே ஒருக்களிக்க வைக்கிறது. பெரிய கப்பல் என்றால் அடியில் கல்லும் மணலும் ஏற்றிச் சமாளிப்பார்கள். பாக் நீரிணை போல ஆழம் குறைந்த கடலில் ஓடும் வத்தை என்ற நாட்டுப் படகுக்கு ஆழமான அடிமரம் வைக்க முடியாது, தரை தட்டிவிடும். இங்கே கண்டுபிடித்த வழி வேறு. படகின் குறுக்கே, இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி நீளமான ஒரு பலகை. காற்று வலுத்துப் படகு ஒருபுறம் சாயும்போது ஆட்கள் எழுந்து, காற்று வரும் பக்கம் நீட்டியிருக்கும் பலகையின்மேல் நகர்ந்துபோய் உட்காருவார்கள். காற்று இன்னும் வலுத்தால் இன்னொருவர் இன்னும் வெளியே போவார். கீழே தண்ணீர் காலை நக்கிக்கொண்டு ஓடும். தாமானைப் பிடித்திருப்பவர் காற்றின் வேகத்துக்கு ஏற்பக் கயிற்றை விட்டும் இழுத்தும் கொடுப்பார். காற்று சட்டென்று ஓய்ந்தால் வெளியே இருப்பவர்கள் அதே சட்டென்று உள்ளே வர வேண்டும், இல்லாவிட்டால் படகு அவர்கள் பக்கமே கவிழும். எஞ்சின் வந்தபின் இதை அன்றாடம் பார்ப்பது அரிதாகிவிட்டது. தொண்டிப் பக்கத்துக் கடலோர ஊர்களில் திருவிழாவை ஒட்டி நடத்தும் பாய்மரப் படகுப் போட்டிக்குப் போனால் காற்றோடு ஆட்கள் மல்லுக்கட்டுவதை நேரில் பார்க்கலாம்.

பயப்பட வேண்டியது கரைக்கு

இரண்டாவது கேள்விக்கு வருவோம். புயல் வந்தால் கரைக்கு ஓடிவிட வேண்டும் என்பது தரையில் இருப்பவர்களின் எண்ணம். பாய்க்கப்பல் மாலுமிக்குப் பெரும்பாலும் நேர்மாறு. ஆழ்கடலில் எத்தனை பெரிய அலை வந்தாலும் கப்பலுக்கு இடம் இருக்கிறது. பாயைச் சுருட்டிவிட்டு அடித்த பக்கம் மிதந்துகொண்டிருக்கலாம். காற்று கரையை நோக்கி அடித்து, கரையும் பக்கத்தில் இருந்தால்தான் ஆபத்து. எதிர்க்காற்றில் ஏறி விலகவும் முடியாது, நிற்கவும் முடியாது. மணிக்கணக்கில் கப்பல் பாறையை நோக்கிப் பக்கவாட்டில் நழுவிக்கொண்டே போகும். ஒவ்வொரு ஆண்டும் வாடை வலுக்கும்போது, பாம்பன் வடகரையில் நங்கூரம் அறுந்து கரை ஒதுங்கி உடைந்த படகுகளின் படம் செய்தித்தாளில் வருகிறது. கடலுக்குள் போகாமல், கட்டிவைத்த இடத்திலேயே உடைந்த படகுகள் அவை.

இந்த அச்சத்தை மெல்வில் ‘மோபி டிக்’ நாவலில் ஒரு தனி அத்தியாயமாகவே வைத்தார். 1851-இல் வந்த அந்தத் தடித்த நூலில் 23-ஆம் அத்தியாயம் ஒரு பக்கம்தான் இருக்கும். துறைமுகத்தில் வெளிச்சம் இருக்கிறது, சூடான சாப்பாடு இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள். ஆனால் புயலில் கப்பல் அதிலிருந்துதான் தப்பி ஓட வேண்டும், அடிமரம் ஒருமுறை தரையை உரசினாலும் போயிற்று. இதுதான் அதன் சாரம். காற்றுக்கணக்குத் தெரியாமல் படிப்பவர் இதை ஏதோ தத்துவம் என்று நினைத்துத் தாண்டிவிடுவார். மெல்வில் திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலை பார்த்தவர். அவருக்கு அது முதலில் தொழில் அறிவு, தத்துவம் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை மொராக்கோப் பயணி இபுன் பதூதாவுடையது. 1344 வாக்கில் இலங்கையிலிருந்து தமிழ்க் கரைக்கு, அவர் மாபார் என்று எழுதும் இந்த நாட்டுக்கு, கப்பலேறினார். வழியில் காற்று வலுத்தது. கேப்டனுக்கு வழி சரியாகத் தெரியவில்லை. பாறைகளில் மோதிச் சிதற வேண்டியது மயிரிழையில் தப்பி, கடைசியில் ஆழமில்லாத இடத்தில் கப்பல் தட்டியது. பாய்மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். ஏன் வெட்ட வேண்டும்? பாயைச் சுருட்டிய பிறகும் மரமும் கயிறுகளும் காற்றை வாங்கிக் கப்பலைச் சாய்த்துக்கொண்டே இருக்கும், அதனால்தான். தெப்பம் கட்டிக் கூட வந்தவர்களை அனுப்பிவிட்டு அவர் கப்பலின் பின்பக்கத்திலேயே இரவைக் கழித்தார். காலையில் கரையிலிருந்து ஆட்கள் படகில் வந்து இறக்கினார்கள். இந்தப் பக்கங்களில் அவருடைய நடை அவ்வளவு பரபரப்பானது அல்ல. நடந்ததைச் சொல்லிக்கொண்டு போகிறார். நம் கடலின் மேடும் பாறையும் தெரிந்தவருக்கு அந்த நிதானமே போதுமான நடுக்கத்தைத் தரும். பாக் நீரிணையில் பெரும்பகுதி சில பாக ஆழம்தான் (ஒரு பாகம் ஆறடி). தனுஷ்கோடிக்கும் மன்னாருக்கும் நடுவே மணல் திட்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன. இன்றைக்கும் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன.

கரையை நெருங்கும்போது பாயைக் குறைப்பதும் பாரத்தை இறக்குவதும் பழைய வழக்கம். புறநானூற்றின் 30-ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ‘மீப்பாய் களையாது’ புகாருக்குள் நுழையும் பெருங்கலத்தைப் பாடுகிறார். மேல் பாயைக் கழற்றாமல், பாரத்தைக் குறைக்காமல் ஒரு கப்பல் ஆற்றுமுகத்துக்குள் வருகிறது என்றால் அந்தத் துறை எத்தனை ஆழம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு வரியில் துறைமுகத்தின் பெருமை முழுவதும் வந்துவிட்டது. உரைகாரர்கள் சொல்லும் பொருளோடு பாம்பன் கால்வாயில் விசைப்படகு ஒன்று நீரோட்டம் பார்த்துத் தயங்கித் தயங்கி நுழைவதையும் பார்த்தவர்களுக்கு அந்த வரி கூடுதலாக விளங்கும்.

நார்வேக்காரரான தோர் ஹெயர்டால் 1947-இல் ஐந்து தோழர்களோடு பெருவிலிருந்து கோன்-டிக்கி என்ற மரத் தெப்பத்தில் பசிபிக்கைக் கடந்தார். 101 நாள். காற்றும் நீரோட்டமும் மேற்கே கொண்டுபோகும், அவ்வளவுதான். திரும்பி வர அந்தத் தெப்பத்துக்கு வழியே கிடையாது. இந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூலில் சுறாவும் புயலும் வந்துபோகும் பக்கங்களைவிட, தீவு கண்ணில் பட்ட பிறகு வரும் பக்கங்கள்தான் பதற்றமானவை. காற்று நேராகப் பவளப் பாறையை நோக்கித் தள்ளுகிறது. மூன்று மாதம் ஏங்கிய கரையே இப்போது எமன். பாறையில் மோதித்தான் கரையேறினார்கள்.

புயல் அத்தியாயம்

கடல் கதை என்றால் புயல் இல்லாமல் முடியாது. பெரும்பாலான எழுத்தாளர்கள் மின்னல், இடி, மலை போன்ற அலை என்று அடைமொழிகளைக் கொட்டி நிரப்பிவிடுவார்கள். தேர்ந்தவர்கள் காற்று எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குத் திரும்பியது என்று எழுதுவார்கள்.

நம் பகுதியில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. காற்று முதுகில் படும்படி நின்றால் புயலின் மையம் ஏறத்தாழ உங்கள் இடப்பக்கம் இருக்கும். வங்கக் கடலிலிருந்து மேற்கு நோக்கி ஒரு புயல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாம்பனில் முதலில் வடக்குக்கும் வடகிழக்குக்கும் நடுவில் காற்று வீசும். அது போகப் போகக் கிழக்காகவும் தென்கிழக்காகவும் திரும்பினால் மையம் நமக்குத் தெற்கே போகிறது. வடமேற்கு, மேற்கு என்று திரும்பினால் வடக்கே போகிறது. திசை மாறாமல் வலுத்துக்கொண்டே வந்தால் நம் தலைமேல் வருகிறது. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்களில் சிலவற்றுக்கிடையே உள்ள வேறுபாடும் இதுதான்: புயல் துறைமுகத்தை எந்தப் பக்கம் வைத்துக் கடக்கும் என்பது. சுழலும் காற்றைப் பற்றி மாலுமிகளுக்காக 1848-இல் கல்கத்தாவில் இருந்துகொண்டு கையேடு எழுதிய ஹென்றி பிடிங்டன்தான் புயலுக்கு ‘சைக்ளோன்’ என்று பெயர் வைத்தார்.

இதைத் தெரிந்துகொண்டு ஜோசப் கான்ராடின் ‘டைஃபூன்’ குறுநாவலைப் படியுங்கள். 1902-இல் வந்தது. கான்ராட் கேப்டன் சான்றிதழ் பெற்ற மாலுமி. கதையின் கேப்டன் மக்விர், புயலைச் சுற்றிப் போகச் சொல்லும் கையேட்டை எடுத்துப் படிக்கிறார், எரிச்சலோடு மூடி வைக்கிறார். பார்க்காத புயலுக்குப் பயந்து சுற்றிப்போய் நிலக்கரியைச் செலவு செய்ததை முதலாளிக்கு எப்படிக் கணக்குக் காட்டுவது என்பது அவர் கவலை. நேராக உள்ளே விடுகிறார். பாதியில் திடீரென்று காற்று அடங்குகிறது. மையத்துக்குள் வந்துவிட்டார்கள் என்று புரிந்த வாசகருக்கு அந்த அமைதிதான் கிலி. மறுபாதி எதிர்த்திசையிலிருந்து வரப்போகிறது, இதைவிட மோசமாகவும் வரலாம். கான்ராட் அந்த மறுபாதியை எழுதவே இல்லை. அத்தியாயம் முடிகிறது, அடுத்த அத்தியாயத்தில் அடிபட்டு நசுங்கிய கப்பல் வெயிலில் துறைமுகத்துக்குள் வருகிறது. புயலின் அமைப்பு தெரியாதவருக்கு நடுவில் பக்கங்கள் விட்டுப்போனதுபோல இருக்கும்.

இந்தக் கரையில் புயலைப் பற்றிப் பேசினால் 1964 டிசம்பர் 22 இரவு வந்துவிடும். தனுஷ்கோடி போயிற்று, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் போயிற்று. அதற்கு முன்பு 50 ஆண்டுகள் தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கித் தலைமன்னாருக்கு ஸ்டீமர் ஏறலாம். இர்வின், கோஷன் என்ற கப்பல்களின் பெயர்களைச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவருடைய தந்தை யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல மரப்படகு கட்டியதும், அதைப் புயல் அடித்துச் சென்றதும் சில வரிகளில் வருகின்றன. ராக்கெட் விஞ்ஞானியின் வாழ்க்கை என்று படிப்பவர்கள் அந்த வரிகளில் நிற்பதில்லை.

காற்றே இல்லாத நிலைக்கு ஒரு வார்த்தை. பாய் தொங்கிப்போய், கப்பல் நாள்கணக்கில் அசையாமல் நிற்கும் அத்தியாயங்களில் குடிநீர்க் கணக்கைக் கவனியுங்கள். கலகம் மூள்வது பெரும்பாலும் அப்போதுதான்.

நீராவி வந்த பிறகு காற்றின் ஆட்சி தளர்ந்தது. கதைகளிலும் கவலை நிலக்கரிக்கும் எஞ்சினுக்கும் மாறியது. ஜூல் வெர்ன் ஒருபடி மேலே போய்க் காற்றே தொட முடியாத கப்பலைக் கடலுக்கடியில் விட்டார். 1870-இல் முடிந்த ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ நாவலில் கேப்டன் நீமோ நம் மன்னார் வளைகுடாவுக்கே வருகிறார். முத்துக்குளிக்க வந்த ஏழை ஒருவனைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, கையில் ஒரு பை முத்துக்களைக் கொடுத்து அனுப்புகிறார். முத்துக்குளிப்பு மார்ச்சில்தான் தொடங்கும், இவர்கள் முன்கூட்டியே வந்துவிட்டார்கள் என்பதையும் வெர்ன் மறக்காமல் சொல்கிறார். இரண்டு பருவக் காற்றுக்கும் நடுவே கடல் தெளிந்திருக்கும் மாதங்கள் அவை. காற்றைத் தொடாத கப்பலைப் படைத்தவரும் காற்றின் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

எங்கிருந்து தொடங்குவது

தமிழில் ஏற்கெனவே படித்ததிலிருந்தே தொடங்கலாம். ‘பொன்னியின் செல்வன்’ ஆடிப்பெருக்கு நாளில் ஆரம்பிக்கிறது. கோடிக்கரையிலிருந்து பூங்குழலி வந்தியத்தேவனைப் படகில் ஏற்றி இரவில் துடுப்புப் போட்டுக்கொண்டு போவது அதன் பிறகு சில நாட்களில். தென்மேற்குப் பருவம், பாக் நீரிணை ஒப்பளவில் தணிந்திருக்கும் காலம். ஒரு பெண் தனியாகத் துடுப்புப் போட்டாள் என்பது கல்கியின் கற்பனைதான். அதை மார்கழி வாடையில் வைத்து எழுதியிருந்தால் இந்தக் கரையில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அடுத்து ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. சிங்கம்புணரிக்காரர், பழைய இராமநாதபுரம் மாவட்டத்தவர். சுமத்ராவிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்ற பாய்மரச் சரக்குக் கப்பலில் போகும் வழியில் வரும் புயலைத் தமிழில் இதுவரை யாரும் மிஞ்சவில்லை என்பது என் கட்சி. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ கரையோரப் பேச்சும் தொழிலும் நிறைந்தது; சொற்கள் முதலில் மிரட்டும், ஐம்பது பக்கத்தில் பழகிவிடும். கடற்படையிலும் கப்பலிலும் வேலை பார்த்த நரசய்யாவின் ‘கடலோடி’ அனுபவத்திலிருந்து எழுதியது.

பிறகு ‘புதையல் தீவு’, ‘டைஃபூன்’, கோன்-டிக்கி. ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ நூலைப் பலரும் முன்பே படித்திருப்பீர்கள். இன்னொருமுறை எடுத்து, திசைகாட்டி இல்லாத கிழவன் நிலையாக வீசும் காற்றை மட்டும் வைத்து வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கும் இடத்தைப் பாருங்கள். ‘மோபி டிக்’ கடைசியாக. அதில் திமிங்கில வகைகளைப் பட்டியல் போடும் 32-ஆம் அத்தியாயம் அலுத்தால் தாண்டிவிடலாம். 23-ஐத் தாண்ட வேண்டாம்.

பக்கத்தில் ஒரு உலக வரைபடமும் பென்சிலும் இருக்கட்டும். கப்பல் புறப்படும் மாதத்தைக் குறித்துக்கொண்டு, கதையில் காற்றுத் திசை வரும் இடத்திலெல்லாம் பக்க ஓரத்தில் ஓர் அம்புக்குறி, கரை இருக்கும் பக்கத்தில் ஒரு கோடு. நூலகத்துப் புத்தகமாக இருந்தால் தனித்தாளில்.